கூட்ட அறிக்கையில் ஒரு மகள்

கீழ்ப்பிரிவு,
தெல்தோட்டை.
12.07.2025

அன்பு மகள் அனுஷியாவுக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. அது இப்போது வீட்டில் மூன்றாவது ஆளாகிவிட்டதால், பதில் எழுதும்போது அதையும் தனியாக விசாரிக்கவும்.

போனில் பேசினால் என்ன என்று நீ கேட்பாய். முப்பத்தொரு வருஷம் கண்டி பஸ்ஸில் நின்று "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க" என்று கத்தியவனுக்கு, மற்றவர்கள் பேசுவது கேட்காமல் போனது நியாயமான தண்டனைதான். நீ பேசுகிறாய், நான் "ம், ம்" என்கிறேன், வைத்த பிறகு அம்மாவிடம் "என்ன சொன்னாள்" என்று கேட்கிறேன். கடிதம் என்றால் எனக்குக் காது தேவையில்லை, கண்ணாடி போதும்.

இப்போது விஷயம். உன் அப்பா பிரதேச சபை உறுப்பினர் ஆனது உனக்குத் தெரியும். வட்டாரத்தில் தோற்று, பட்டியலில் உள்ளே வந்தவன். கட்சிக்கு ஒரு ஆசனம் மேலதிகமாகக் கிடைத்தது. அதற்கு ஆள் தேடினார்கள். அன்றைக்கு வெள்ளைச் சட்டை தோய்த்து வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்று அம்மா சொல்கிறாள்.

நம்ம ஆற்றுப் பலகைப் பாலத்தில் முப்பது பலகைக்குப் பதினொன்று போய்விட்டது. இளசுகள் கம்பியைப் பிடித்துத் தாண்டுகிறார்கள். அம்மா மாதிரி ஆட்கள் ஃபெக்டரி ரோட்டால் இரண்டு மைல் சுற்றி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். கம்பெனியைக் கேட்டால் "அது சபையின் வேலை" என்கிறார்கள். சபையைக் கேட்டால் "அது தோட்டத்துக் காணி" என்கிறார்கள். ஆறு மட்டும் யாரையும் கேட்காமல் ஓடுகிறது.

எட்டாம் தேதிக் கூட்டத்தில் இதைத்தான் கேட்டேன். எங்கள் செயலாளர் கைரியா மேடம் நல்ல மனுஷி, ஆனால் பேனையைத் திறப்பதற்கு முன் மூன்று முறை யோசிப்பவர். அவர் சொன்னார்:

"சட்டம் மாறி, தோட்டத்துக்குள்ளயும் சபை வேலை செய்ய ஏலும் என்டு வந்தீக்கி. ஆனா கம்பெனிட சம்மதம் இல்லாம செய்ய ஏலுமா இல்லையா, அதுதான் எனக்குத் தெளிவில்ல. நாளைக்கி கணக்குப் பாக்க ஓடிட்காரங்க வந்து கேட்டா நான்தான் பதில் செல்லணும். சட்டமா அதிபர்ட அபிப்பிராயம் இல்லாம நான் கையெழுத்து வைக்க மாட்டேன்."

"சரி, அந்த அபிப்பிராயத்தை எடுங்க" என்றேன்.

யார் எடுப்பது என்றதும் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கத்து உறுப்பினர் பஹீம் எழும்பினார். "வீரய்யா அண்ணன் எடுப்பாரு. சட்டமா அதிபர் அந்தக் காலத்துல அண்ணன்ட பஸ்ஸில டிக்கெட் இல்லாம போயிருப்பாரு, இப்ப பிடிச்சிக் கேளுங்களே." சபை முழுதும் சிரித்தது. தவிசாளருக்கு ஒருவர் சிங்களத்தில் சொல்ல, அவரும் ஒரு நிமிஷம் பிந்திச் சிரித்தார்.

அப்போதுதான் உன் அப்பாவின் வாய் பிரேக் இல்லாமல் இறக்கத்தில் இறங்கியது. எழும்பி நின்று சொன்னேன்: "என் மகள் சட்டமா அதிபர் திணைக்களத்தில் அரச சட்டத்தரணி. அடுத்த கூட்டத்துக்கு முதல் அபிப்பிராயம் இந்த மேசைக்கு வரும்."

மேசையைத் தட்டினார்கள், மகளே. எனக்காக மேசை தட்டியது அதுதான் முதல் தடவை. தவிசாளர் உடனே "அதை அறிக்கையில் எழுதுங்கள்" என்றார். ஒன்பதாம் பந்தியில் உன் பெயரோடு ஏறிவிட்டது.

ஆகவே நீ பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு தாள், இரண்டு வரி. "மேற்படி பாலத்தைத் திருத்தலாம்" என்று எழுதி ஒரு சீல். ஆகஸ்ட் பன்னிரண்டு கூட்டம். தபால் நாலு நாள் எடுக்கும் என்பதையும் கணக்கில் எடுக்கவும்.

நேரத்துக்குச் சாப்பிடு. 

உன் அப்பா,
பெ. வீரய்யா
(பிரதேச சபை உறுப்பினர். சிரிக்காதே.)


கொழும்பு 6.
17.07.2025

அன்புள்ள அப்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்காலுக்கு நான் அனுப்பிய பூச்சு மருந்தை அலுமாரியில் பத்திரப்படுத்தாமல் பூசச் சொல்லுங்கள்.

மற்ற விஷயத்தைத் தெளிவாகவே எழுதுகிறேன். கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம்.

சட்டமா அதிபரிடம் அபிப்பிராயம் எல்லோரும் கேட்க முடியாது. அவர் அரசாங்கத்தின் சட்டத்தரணி. அரசாங்கம் என்றால் அதன் சார்பில் கேட்கப் பொறுப்புள்ள அதிகாரி. ஓர் அமைச்சென்றால் அதன் செயலாளர், திணைக்களமென்றால் அதன் தலைவர். மந்திரிக்கு ஒரு சந்தேகம் வந்தாலும் செயலாளர் மூலம்தான் வரும். தனி ஆட்கள் கேட்க முடியாது. பிரதேச சபை உறுப்பினர் கேட்க முடியாது. தவிசாளரும் தன் பாட்டில் எழுத முடியாது. உங்கள் சபைக்கு வழி, சபையின் செயலாளர் கையெழுத்திட்டு, உள்ளூராட்சி ஆணையாளர் ஊடாக மேலே அனுப்புவதுதான். அதிலும் "கட்டலாமா" என்று ஒரு வரி போதாது. நடந்தது என்ன, காணி யாருடையது, எந்தச் சட்டப் பிரிவில் சந்தேகம், சபையின் சொந்த நிலைப்பாடு என்ன, எல்லா ஆவணங்களின் பிரதியும் வேண்டும்.

இது இரகசியம் இல்லை. கைரியா மேடத்துக்கும் தெரிந்திருக்கும்.

என்னால் எழுதித் தர முடியாது. ஒரு வரியும் முடியாது. எங்களுக்குக் கோவை, அதாவது ஃபைல், மேலிருந்து ஒதுக்கப்பட்டு வரும். எனக்கு ஒதுக்காத கோவையில் நான் ஒரு சொல் எழுதினால், அது அபிப்பிராயம் இல்லை, குற்றம். நான் பதவியில் உறுதிப்படுத்தப்பட இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. "வீட்டு ஆட்களுக்கு எழுதிக் கொடுப்பவள்" என்று ஒரு பேச்சு வந்தால் அதை எந்தச் சோப்பாலும் கழுவ முடியாது.

தயவுசெய்து என் பெயரை அந்த அறிக்கையிலிருந்து எடுக்கச் செய்யுங்கள். நான் இங்கே வேலை செய்வதாக இனி யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அனுஷியா


கீழ்ப்பிரிவு,
தெல்தோட்டை.
25.07.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் தகப்பனாக வாசித்ததால் விளங்கவில்லை. இரண்டாம் தரம் உறுப்பினராக வாசித்தேன், கோபம் வந்தது. மூன்றாம் தரம் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு ஃபெயிலான வீரய்யாவாக வாசித்தேன், எல்லாம் விளங்கியது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கண்டியில் அரசாங்கக் கச்சேரிக்குள் ஒரு தெரிந்த முகம் இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம் அல்லவா, அதே மாதிரி இதுவும் ஒரு வரிசை என்று நினைத்தேன். டிக்கெட் இல்லாதவனை இறக்கிவிட்டே காலம் கழித்த நான், மகள் இருக்கிறாள் என்று டிக்கெட் இல்லாமல் ஏறப் பார்த்திருக்கிறேன். 

பிழை என்னுடையது. ஆகஸ்ட் கூட்டத்தில் எழும்பி அதைத் திருத்துவேன். அதற்கு உனக்கு வாக்குத் தருகிறேன். இந்த வாக்கை அறிக்கையில் ஏற்றத் தேவையில்லை.

உன் கடைசி வரியைப் பற்றி மட்டும் ஒன்று. "இனி யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். அறிக்கையிலிருந்து பெயரை எடுப்பது சட்டம், அது எனக்கு விளங்குகிறது. யாரிடமும் சொல்லாதே என்பது வேறு ஏதோ மாதிரி இருக்கிறது. போன வருஷம் உன் அறைக்கு வந்தபோது வாசலில் உன்னோடு வேலை செய்கிற ஒரு பிள்ளை "அங்கிள் என்ன செய்யிறார்" என்று கேட்டாள். நீ "ட்ரான்ஸ்போர்ட்" என்றாய். நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன். அந்தத் துறையில் நான் மிதிபலகையில் இருந்தேன் என்பதை அவளுக்குச் சொல்லவா வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இதைக் குறையாக எழுதவில்லை. அம்மா பக்கத்தில் இருந்து "அதை எழுதாதீங்க" என்கிறாள். எழுதியாயிற்று. மையால் எழுதியதால் அழிக்கவும் முடியாது.

மருந்து அலுமாரியில்தான் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தாய்?

உன் அப்பா,
வீரய்யா


கீழ்ப்பிரிவு,
தெல்தோட்டை.
14.08.2025

அன்பு மகளுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகம் என்று அம்மா சொல்கிறாள். வேலை அதிகம் என்று நானும் அம்மாவிடம் சொல்கிறேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிக்கொண்டே மூன்று வாரம் ஓட்டிவிட்டோம்.

கூட்டம் முடிந்தது. முதலில் காலையிலேயே கைரியா மேடத்தின் கந்தோருக்குப் போய், ஒன்பதாம் பந்தியை அழிக்க வேண்டும் என்றேன். கதிரையைக் காட்டினார். உட்காரவில்லை, உட்கார்ந்தால் பேச்சு நீளும்.

"எழுதினத அழிக்க ஏலா வீரய்யா அண்ணன். நீங்க சபையில செல்லினீங்க, எழுதினோம். திருத்தம் வேணும் என்டா சபையிலயே எழும்பிச் செல்லணும். அதையும் எழுதுவோம்."

"அப்போ ரெண்டும் இருக்குமா?"

"ரெண்டும் ஈக்கும்."

"அப்ப முட்டாள்தனமும் இருக்கும், மன்னிப்பும் இருக்கும்."

"அரசாங்கக் கோவை என்டா அப்பிடித்தான்" என்றார். அந்த மனுஷி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கூட்டத்தில் எழும்பினேன். பஸ்ஸில் அறுபது பேருக்குக் கேட்கக் கத்தியவனுக்கு, பதினெட்டு உறுப்பினர்களுக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. தாளில் எழுதிக்கொண்டு போனதை வாசித்தேன். அப்படியே உனக்கும் எழுதுகிறேன்:

"போன கூட்டத்தில், என் மகள் மூலம் சட்ட அபிப்பிராயம் எடுத்துத் தருவதாகச் சொன்னேன். அது பெருமைக்குச் சொன்ன பேச்சு. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நான் கேட்டால் எழுதித் தரும் உரிமை அவளுக்கும் இல்லை. அவளிடம் கேட்காமலே அவள் பெயரைச் சொன்னேன். அவள் எதற்கும் சம்மதிக்கவில்லை. சபை என்னை மன்னிக்க வேண்டும்."

யாரும் மேசையைத் தட்டவில்லை. பஹீம் மட்டும் "அண்ணன், பஸ் பாதியில நின்டுட்டு போல" என்றார். "ஆமா தம்பி, எல்லாரும் இறங்கித் தள்ளுங்க" என்றேன். கொஞ்சம் சிரித்தார்கள். அதோடு போனது.

பிறகு தவிசாளர், "சரி, அப்படியானால் நானே சட்டமா அதிபருக்கு எழுதுகிறேன், சபையின் தலைவன் நான்தானே" என்றார். எனக்குத் தெரியும், அது பிழை என்று. நீ எழுதியிருக்கிறாய். கையை உயர்த்தி, "ஐயா, செயலாளர்தான் கையெழுத்து வைக்கணும், ஆணையாளர் மூலமாத்தான் போகணும்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"வீரய்யா மஹத்தயா, உங்களுக்கு யார் சொன்னது?"

மகளே, அந்த நேரத்தில் என் வாயில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அதைச் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அதைத் திருப்பி எடுத்திருந்தேன். "பஸ்ஸில யாரோ பேசிக்கிட்டாங்க" என்றேன். தவிசாளர் சிங்களத்தில் "ஹரி, ஹரி" (சரி, சரி) என்று கையைக் காட்டி உட்கார வைத்தார். கைரியா மேடம் ஏதோ சொல்லப் போய் நிறுத்திக்கொண்டார். தவிசாளரே கையெழுத்து வைத்து, இரண்டு கூட்டத்து அறிக்கையையும் இணைத்து, நேரே கொழும்புக்கு அனுப்பிவிட்டார்.

அந்த இணைப்பில் உன் பெயர் இருக்கிறது. என் திருத்தமும் இருக்கிறது. என்னால் தடுக்க முடியவில்லை. அதை உனக்கு முதலில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

அம்மா சுகம். பூசுகிறாள்.

அப்பா


கீழ்ப்பிரிவு,
தெல்தோட்டை.
11.09.2025

அன்பு மகளுக்கு,

இது நான் எழுதும் மூன்றாவது பதில் இல்லாத கடிதம். கண்டக்டர் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கடைசித் தரிப்பில் ஆள் இல்லாவிட்டாலும் பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் எடுப்போம். அதுமாதிரி எழுதுகிறேன்.

தவிசாளரின் கடிதத்துக்குப் பதில் வந்தது. மூன்றே வரி. கோரிக்கை உரிய அதிகாரியால், உரிய வழியாக அனுப்பப்பட வேண்டும் என்று. போன செவ்வாய்க் கூட்டத்தில் தவிசாளர் அதை எல்லோருக்கும் சுற்றுக்கு விட்டார். என் கைக்கு வந்தபோது, கீழே கையெழுத்து இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் வாசித்தேன். யார் ஒப்பம் என்று எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். பக்கத்தில் இருந்த பஹீம், "அண்ணன், ஏன் கடதாசிய நசிக்கிறீங்க" என்றார்.

ஒரு மாதம் வீணாய்ப் போனது. இன்னும் இரண்டு பலகை போய்விட்டது.

கூட்டம் முடிந்து கைரியா மேடம் என்னைக் கூப்பிட்டார். "அண்ணன், அண்டைக்கி நீங்க செல்லினது சரி. நான் சபையில செல்லியிருக்கணும்" என்றார். "ஏன் சொல்லல மேடம்?" என்று கேட்டேன். பேனை மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்:

"கேள்வி கேட்டா பதில் வந்துரும் அண்ணன். வந்தா அதுபடி நடக்கணும். கேக்காம ஈந்தா, தெரியா என்டே ஓய்வூதியத்துக்குப் போயிரலாம். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான்."

அந்த மனுஷி ஒளிக்காமல் சொன்னதற்கே அவரை மதிக்க வேண்டும். நான் சபையில் பெருமைக்குப் பொய் சொன்னவன், அவருக்கு வீரம் சொல்லிக் கொடுக்க எனக்கு என்ன தகுதி? "மேடம், நான் அண்டைக்கி எழும்பினப்ப கால் நடுங்கிச்சு, ஆனா பிறகு வீட்டுக்கு நடந்து போகக் கூடியதா இருந்திச்சு" என்று மட்டும் சொன்னேன்.

நேற்று அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தானே தட்டச்சு செய்த நாலு பக்கம். காணியின் வரைபடம், கம்பெனிக்குப் போன கடிதங்கள், சட்டத்தின் பிரிவு, சபை என்ன நினைக்கிறது என்பதெல்லாம் இருக்கிறது. கீழே அவருடைய கையெழுத்து. ஆணையாளர் ஊடாக. இந்த முறை கூட்ட அறிக்கை இணைக்கவில்லை, அது கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டார்.

எனக்கு இப்போது ஒரே ஒரு பயம். பாலத்தைப் பற்றி இல்லை. அந்த முதல் இணைப்பு உன் கந்தோருக்கு வந்து உனக்கு ஏதும் வந்துவிட்டதா? வேலைக்கு ஏதும் பிரச்சினையா? கோபமென்றால் கோபம் என்று ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் அதில் உன் கையெழுத்து இருக்கும். அதை மறைக்காமல் வாசிப்பேன்.

அப்பா


கொழும்பு 6.
18.09.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூன்று கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. எழுதாமல் இருந்தது பிழை. காரணம் சொல்கிறேன், மன்னிப்பு அதற்குப் பிறகு கேட்கிறேன்.

தவிசாளரின் கடிதம் நான் வேலை செய்யும் பிரிவுக்குத்தான் வந்தது. ஒருநாள் காலை மேசைகளுக்குக் கோவை பிரித்து வைத்தபோது, மேலட்டையில் நம் சபையின் பெயரைக் கண்டேன். திறக்கவில்லை. எழும்பி நேரே என் மேலதிகாரியின் அறைக்குப் போனேன். இதில் எனக்கு உறவு இருக்கிறது, தொட மாட்டேன் என்றேன். வாயால் சொன்னால் போதாது, எழுதித் தாருங்கள் என்றார்.

அதை எழுத எனக்கு இரண்டு நாள் எடுத்தது. சட்டம் தெரியாமல் இல்லை. அப்பா, நான் இங்கே வந்த நாளிலிருந்து யாருடைய மகள் என்று சொல்லாமலே இருந்துவிட்டேன். இங்கே பலர் இன்னாரின் மகன், இன்னாரின் மருமகள் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறார்கள். நான் யாருடைய பெயரும் இல்லாமல் வேலையைச் செய்து காட்ட நினைத்தேன். அது பாதி. மற்றப் பாதி வெட்கம். இல்லை என்று எழுதினால் பொய். "ட்ரான்ஸ்போர்ட்" என்று சொன்னதற்கு இப்போது விளக்கம் எழுதினால், சட்டத்தரணி பேசுவது போல இருக்கும். அதனால் விளக்கம் இல்லை.

எழுதிக் கொடுத்ததைத் தமிழில் தருகிறேன். என்னைப் பற்றிய பகுதி என்பதால் தரலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டுவிட்டுத்தான் தருகிறேன்.

"மேற்படி பிரதேச சபையின் உறுப்பினர் திரு. பெ. வீரய்யா எனது தந்தை. அவர் ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர். எனது தாயார் திருமதி சுந்தரி ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி. குறித்த பாலத்தைப் பாவித்து வந்தவர். நான் அப்பாலத்தின் மறுகரையில் உள்ள தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டில் பிறந்து, அதைக் கடந்து பாடசாலைக்குச் சென்று வளர்ந்தவள். ஆகையால் இக்கோவை தொடர்பில் எவ்விதத்திலும் பங்குகொள்ள என்னால் இயலாது."

கையெழுத்திட்டேன். அது இப்போது அந்தக் கோவையின் முதல் தாள். யார் திறந்தாலும் முதலில் அதைத்தான் வாசிப்பார்கள்.

மேலதிகாரி அறிக்கையையும் வாசித்தார். முதலில் ஒன்பதாம் பந்தியை வாசித்தார். பிறகு உங்கள் திருத்தத்தை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். "உங்கள் தந்தை என்ன படித்தவர்?" என்று கேட்டார். சொன்னேன். "உங்கள் மீது எந்தக் குறையும் இல்லை, போய் வேலையைப் பாருங்கள்" என்றார். அவ்வளவுதான். வேலைக்கு ஒன்றும் வரவில்லை.

இனி ஒரு வேண்டுகோள். இந்தப் பாலத்தைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். கேள்வி எங்கே போனது, பதில் என்ன வந்தது, எதுவும் வேண்டாம். எனக்குத் தெரியக் கூடாது. பதில் சபைக்குப் பாதகமாகவும் வரலாம். வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். ட்ரான்ஸ்போர்ட்டுக்கும்.

உங்கள் மகள்,
அனுஷியா


கீழ்ப்பிரிவு,
தெல்தோட்டை.
03.10.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத நாலு தாள் எடுத்தேன், நாலையும் அம்மா அடுப்புக்கு எடுத்தாள். ஒன்றிலும் நான் சிரிக்கும்படி எழுதவில்லை, அதனால் எனக்கே பிடிக்கவில்லை.

அம்மாவுக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன். "எனது தாயார் திருமதி சுந்தரி" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். 

"என் பேரு கொழும்பு கந்தோர்ல இருக்கா?"

"கோவையில முதல் தாள்லயே இருக்கு."

"தோட்டத்துச் செக்ரோலுக்கு அப்புறம் இப்பதான் என் பேரு ஒரு கடதாசில ஏறுது. அதுல வேலைக்கு வந்தாளா வரலையான்னுதான் போடுவாங்க." 

பிறகு திரும்ப அந்த இடத்தை வாசிக்கச் சொன்னாள். பின்னேரம் இன்னொரு முறை. இப்போது எனக்கு மனப்பாடம். என்னைப் பற்றிய வரியை அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பரவாயில்லை, அதை நான் தனியாக வாசித்துக்கொள்கிறேன்.

நீ கேட்டபடி அந்த விஷயத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுத நல்ல செய்தி இருந்தாலும் எழுதவில்லை, கெட்ட செய்தி இருந்தாலும் எழுதவில்லை. இரண்டில் எது என்று இந்த வசனத்திலிருந்து கண்டுபிடிக்கவும் பார்க்காதே. பதில் பாதகமாகவும் வரலாம் என்று எழுதியிருக்கிறாய். கேட்டதற்குப் பதில் கிடைத்தால், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். தெரியாது என்று இருந்ததைவிட அது மேல்.

மற்றச் செய்திகள்: பஹீமின் மகளுக்குக் கம்பஹாவில் ஆசிரியர் நியமனம் கிடைத்தது. வாழ்த்துச் சொன்னேன். "அண்ணன், அதை மட்டும் அறிக்கையில ஏத்திராதீங்க" என்றார். மழை தொடங்கிவிட்டது. அம்மா முழங்காலை நம்பி மழையைச் சொல்கிறாள், வானொலியைவிடச் சரியாக இருக்கிறது.

தீபாவளி திங்கட்கிழமை. சனிக்கிழமையே வரப் பார். ஒரு விஷயம் யோசித்து வைத்திருக்கிறேன். நீ தெல்தோட்டை பஸ்ஸில் வந்தால், வழமையான தரிப்பில் இறங்க வேண்டாம். ஃபெக்டரிச் சந்தியில் இறங்கு. நான் குடையோடு அங்கே நிற்பேன். அந்தப் பக்கமாக இரண்டு மைல் சுற்றி நடந்து வருவோம். ஏன் என்று கேட்காதே. நீ அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தால், எத்தனை பலகை இருந்தது என்று உனக்குத் தெரிந்துவிடும். நாளைக்கு யாராவது "நீ பார்த்தாயா" என்று கேட்டால், பார்த்தேன் என்று சொல்ல வேண்டி வரும். எல்லாம் முடியும் வரைக்கும் நீ அதைப் பார்க்காமல் இருப்பதுதான் ஒழுங்கு என்று எனக்குப் படுகிறது. பிழையென்றால் திருத்து. சட்டம் படித்தவள் நீதான்.

இது அந்த விஷயம் இல்லை. வழி சொல்லும் விஷயம் மட்டும்தான்.

உன் அப்பா,
பெ. வீரய்யா
(ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர்)


கொழும்பு 6.
09.10.2025

அன்புள்ள அப்பா,

பிழையில்லை. நானே எழுத இருந்ததை நீங்கள் முந்திவிட்டீர்கள். எங்கள் கந்தோரில் பலருக்கு இது தோன்றியிராது.

சனிக்கிழமை வருகிறோம். "றோம்" என்பது, கமலாசனி அக்காவும் வருகிறா. என்னோடு வேலை செய்கிறவ, யாழ்ப்பாணம். போன வருஷம் வாசலில் உங்களைக் கேட்டவ அவதான். பயப்பட வேண்டாம், அவ குற்றவியல் பிரிவு, உங்கள் பக்கத்துக் கோவை எதுவும் அவவின் மேசைக்கு வராது. அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர் என்று நேற்றுச் சொன்னேன். "ஓம், நீ சொல்லாட்டியும் அண்டைக்கு நிண்ட நிலையிலேயே தெரிஞ்சது, கம்பியில்லாமலே பிடிச்சுக்கொண்டெல்லோ நிண்டவர்" என்றா. பிறகு தானாகவே "தீபாவளிக்கு நானும் வாறன்" என்றா.

அம்மாவிடம் சொல்லுங்கள், மரக்கறி மட்டும்தான் அவவுக்கு.

ஃபெக்டரிச் சந்தியில் இறங்குகிறோம். எவ்வளவு நடக்க வேண்டும் என்று கேட்டா. இரண்டு மைல், மழையும் இருக்கும் என்றேன். ஏன் சுற்றிப் போக வேண்டும் என்று கேட்டா, அதற்கு நான் பதில் சொல்ல முடியாது என்றேன். அதற்குமேல் அவ கேட்கவில்லை.

இரண்டு பேரும் நடக்கிற சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருகிறோம்.

உங்கள் மகள்,
அனுஷியா